வெல்லம் போடாத சட்டி

சோளக்காட்டுச் சந்தையில் நான் அன்னாசியும் மிளகும் விற்கிறேன். லீவு நாளில் கீழிருந்து காரில் ஏறி வருகிறவர்கள் பழம் வாங்கிவிட்டுப் போகிற போக்கில் சமையலும் கேட்பார்கள். "அக்கா, உங்க மலையில மொச்சை போட்டு ஒரு பன்னிக்கறி வைப்பீங்களாமே, காரமும் இனிப்புமா? எப்படி வைக்கறது?" என்று போனை என் முகத்துக்கு நேராகப் பிடிப்பார்கள். முதலில் போனை இறக்கச் சொல்வேன். பிறகு சொல்வேன். சமையல் சொல்வதில் எனக்கு வஞ்சகம் கிடையாது.

மொச்சையை முதல் நாளே ஊறப்போட்டுவிட வேண்டும். கறியைக் கொழுப்போடு பெரிய துண்டாக வெட்ட வேண்டும். கொழுப்பை அறுத்து எறிகிறவர்கள் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. காய்ந்த மிளகாயைக் கருகாமல் வறுத்து, மல்லி, சீரகம், மிளகு, பூண்டு சேர்த்து அம்மியில் வைத்து நைக்க வேண்டும். மிக்சியில் அரைத்தால் வாசம் ஓடிவிடும் என்பது என் கட்சி. சின்ன வெங்காயத்தைக் கணக்குப் பார்க்காமல் அள்ளிப் போட வேண்டும். கறி பாதி வெந்ததும் ஊசிமிளகாயைப் பச்சையாகக் கிள்ளிப் போட வேண்டும். நகத்தளவுதான் இருக்கும், கடித்தால் காது அடைத்துக்கொள்ளும். கறியும் மொச்சையும் குழைந்து, மேலே சிவப்பாகக் கொழுப்பு மிதக்கும்போது கடைசியாக வெல்லம்.

"வெல்லம் எவ்வளவுங்க?" என்று கேட்பார்கள். அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறும். "அதைப் போடறவளைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பழம் சீவப் போய்விடுவேன். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நினைக்கட்டும்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வாழவந்தி நாட்டில் எங்கள் ஊரிலும் நாங்கள் பெண் கொடுத்து எடுக்கும் ஊர்களிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. பக்கத்து ஊரில் கேட்டால் அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். புருஷனோடு ஒத்துவராமல் ஒருத்தி பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டால், அவளைத் திரும்ப அழைக்க வருகிறவர்கள் கறியும் மொச்சையும் ஓர் உருண்டை வெல்லமும் கொண்டுவர வேண்டும். பெண் வீட்டில் சட்டி வைப்பார்கள். கறி வெந்ததும் எல்லோரும் அடுப்படியை விட்டு விலகிவிட வேண்டும். அந்தப் பெண் மட்டும் வெல்லத்தோடு சட்டிக்குப் போவாள். போகச் சம்மதமென்றால் வெல்லத்தைச் சட்டியில் போடுவாள். இல்லையென்றால் போடமாட்டாள். அதற்குப் பிறகு சட்டியை யாரும் தொட்டு ருசி பார்க்கக் கூடாது. இலையில் விழுந்து முதல் வாய் வைக்கும்போதுதான் எல்லோருக்கும் தெரியும். இனிப்பு இருந்தால் பெண் கிளம்புவாள். வெறும் காரமென்றால் வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். ஏன் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

எனக்கும் ஒரு சட்டி வைத்தார்கள். நான் வெல்லத்தை அடுப்பில் எறிந்தேன். அது புகைந்து, பொங்கி, கருகி அடங்கும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என்னை அழைக்க வந்தவர் ஒரு வாய் தின்றார், கண் கலங்கினார், கையைக் கழுவினார், போய்விட்டார். நல்ல மனிதர்தான். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இது என் தங்கையின் சட்டியைப் பற்றிய கதை.

தங்கையை ஆலத்தூர் நாட்டில் கொடுத்திருந்தோம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம். அவள் புருஷனின் தங்கைதான் என் அண்ணனுக்குப் பெண்டாட்டி, எனக்கு அண்ணி. ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம். சமையல் செலவு மிச்சம் என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அதில் இருக்கும் கண்ணி அப்போது யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி திரும்பினால் இன்னொருத்தியையும் திருப்பி அழைத்துக்கொள்வார்கள்.

தங்கையின் புருஷன் பொக்லைன் ஓட்டுகிறவன். மலையில் எங்கே புதிதாக லாட்ஜ் கட்டினாலும் முதலில் மண்ணைப் பறிக்கப் போவது அவன் வண்டிதான். அவன் வீட்டிலும் அதையேதான் செய்தான். முதல் வருஷம் அறைந்தான். பிறகு மிதித்தான். அந்த ஆடிமாதம், சோற்றில் கல் கிடந்தது என்று விறகுக்கட்டையால் அவள் இடது கையை அடித்து உடைத்தான். அவள் உடைந்த கையை வலது கையால் தாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். டிக்கெட் எடுக்க முடியாமல் பணத்தைப் பல்லில் கடித்து நீட்டியதாகக் கண்டக்டர் பிறகு என்னிடம் சொன்னார். கீழே கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டோம். கழுத்திலிருந்து துணித்தூளி கட்டி அதில் கையை வைத்து அனுப்பினார்கள்.

"ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றேன்.

"போய்? அவங்க வந்து என் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போவாங்க. நான் வெறும் ஊட்டுல உக்காந்து உன் மூஞ்சியப் பாத்துட்டு இருக்கோணுமா?" என்றான் அண்ணன்.

"பாரு. என் மூஞ்சிக்கு என்ன கேடு?"

அன்று அவன் என்மேல் சொம்பை வீசினான். நான் திருப்பி வீசினேன். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயமில்லை. எனக்கு வாய் நீளம், கை அதைவிட நீளம். ஆனால் அண்ணனின் பயம் உண்மையானது. அண்ணி என்றால் அவனுக்கு உயிர். அந்த உயிருக்காக அவன் தங்கையை எமனிடம்கூட அனுப்பிவைப்பான் என்று எனக்குத் தெரியும்.

அழைக்க வந்த நாளில் மற்றவர்கள் போலக் கறியை வெட்டிப் பையில் கொண்டுவரவில்லை தங்கையின் புருஷன். பன்றியை உயிரோடு கால் நாலையும் கட்டி பைக்கில் குறுக்கே போட்டுக் கொண்டுவந்தான். பின்னால் ஆட்டோவில் அவன் அம்மா, மடியில் மொச்சையும் வெல்லமும். எனக்கு அத்தை முறை. அண்ணியைப் பெற்ற தாய். இந்த இருவரும் அன்று வந்தார்கள், வேறு யாருமில்லை.

எங்கள் பக்கம் பன்றி குத்துவது என்றால் கை பழகிய ஆள்தான் குத்துவார். கத்தி இறங்குவதும் உயிர் போவதும் ஒன்றாக இருக்கும். இவன் அதற்கு ஆள் கூப்பிடவில்லை. கோடாரியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலிலேயே ஆரம்பித்தான். முதல் அடி கண்ணுக்கு மேல் விழுந்தது. பன்றி கத்தியது. அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும், காதுக்குள் ஆணி இறங்குகிற மாதிரி இருக்கும். அவன் நிறுத்தினான். நிலைப்படியில் நின்றிருந்த என் தங்கையை ஒரு தரம் பார்த்தான். மறுபடி அடித்தான். மறுபடி அவளைப் பார்த்தான். ஒரே அடியில் முடிக்கத் தெரியாதவன் இல்லை அவன். வேண்டுமென்றே முடிக்காமல் இருந்தான். பன்றிக்கு மூக்கிலும் வாயிலும் ரத்தம் கொட்டியது. வாசல் பூராவும் சேறாகிவிட்டது. தங்கை உள்ளே போகவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து பன்றியின் கழுத்தில் நானே இறக்கினேன். சூடான ரத்தம் முழங்கை வரை ஓடியது. "உனக்கு இதுகூடத் தெரியலையா?" என்று அவனைப் பார்த்துக் கேட்டேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் பல்லை நறநறவென்று கடிக்கிறேன்.

மேல்முடியைப் பொசுக்கி, சுரண்டி, வெட்டி, சட்டி ஏற்றினேன். வீட்டுக்குப் பின்னால் வெளியே மூன்று கல் வைத்த அடுப்புதான், பன்றிக்கறியை வீட்டுக்குள் வைக்கமாட்டோம். எனக்கிருந்த ஆத்திரத்தையெல்லாம் வாசலோரம் கிடந்த அம்மியில் காட்டினேன். மிளகாய் நைந்து கூழானது, நெடி ஏறித் தெருவில் போனவர்களெல்லாம் தும்மினார்கள். ஊசிமிளகாயை வழக்கமாகப் போடுவதைப் போல இரண்டு பங்கு போட்டேன். வெல்லம் விழாத சட்டியாக இருந்தால் அந்தக் காரம் அவன் குடலை அறுக்கட்டும் என்றுதான் போட்டேன். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

கறி வெந்ததும் அத்தை எழுந்து வந்து வெல்லத்தைத் தங்கையின் வலது கையில் வைத்தார். நல்ல உருண்டை வெல்லம், பொன்நிறம்.

"அடிச்சது தப்புதான் கண்ணு. அவனுக்குக் கை கொஞ்சம் அப்படி. நீ நல்லா ரோசனை பண்ணி என்னமோ செய் சாமி" என்றார்.

தங்கை தலையசைத்தாள். நாங்கள் எல்லோரும் வீட்டுக்கு முன்பக்கம் வந்துவிட்டோம். அவள் மட்டும் பின்பக்கம் அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்து அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் இலை அறுத்து வருகிறேன் என்று எழுந்து பின்பக்கம் போனான். அவனுக்கு உதவியாக அண்ணியும் போனாள். நான் களி கிண்டப் போய்விட்டேன்.

முன்பக்கம் இலை போட்டுச் சட்டியையும் தூக்கி வந்தோம். களியை உருட்டி வைத்து, நான்தான் கறியை ஊற்றினேன். தங்கையின் புருஷன் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தான். நான் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மெதுவாக மென்றான். பிறகு சப்புக்கொட்டினான்.

"இனிக்குது" என்றான். "கிளம்பு."

தங்கை சம்மதித்துவிட்டாளா? கை உடைந்து, பன்றியைப் பார்த்து, அதற்குப் பிறகுமா? அவளை இழுத்து நாலு அறை விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தேன். ரத்தமெல்லாம் வடிந்து சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவள் தன் இலையிலிருந்து ஒரு விரல் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு எழுந்து நின்று, தூளிக்குள் வலது கையை விட்டு, மாவுக்கட்டுக்கும் துணிக்கும் நடுவில் துழாவி, அந்த உருண்டை வெல்லத்தை வெளியே எடுத்தாள். ஒரு விள்ளல்கூடக் குறையாமல் முழுதாக இருந்தது. அதை அத்தையின் இலைக்கு நேராகப் பிடித்தாள்.

"நான் போடலீங்க" என்றாள்.

அடுத்து நடந்தது எதுவும் வரிசையாக எனக்கு நினைவில்லை. அவள் புருஷன் எழுந்தது தெரியும். இலை காலில் மாட்டிக் களி உருண்டு ஓடியது தெரியும். "பொய் சொல்றயா, வாயில வெச்சா இனிக்குது, பொய் சொல்றயாடி" என்று அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அந்தச் சத்தம் கோடாரிச் சத்தம் போலவே இருந்தது. என் கையில் கரண்டி இருந்தது. சட்டியில் கொதி அடங்காமல் இருந்த குழம்பை ஒரு கரண்டி மொண்டு அவன் பிடரியில் ஊற்றினேன். அவன் அலறிக்கொண்டு திரும்பி என் வயிற்றில் உதைத்தான். நான் விழுந்தேன். விழுந்தபடியே அவன் காலைப் பிடித்துக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தமும் மண்ணும். அண்ணன் வந்து அவனைப் பிடிப்பான் என்று பார்த்தால், என்னைத்தான் பிடித்தான். என் கையை முதுகுப்பக்கம் முறுக்கி, "விடு புள்ள, சட்டி இனிச்சுருச்சு, இனி பேச்சில்ல. அவ போகோணும்" என்றான்.

"போட்டது யாரு?" என்று கத்தினேன். "அவ போடல. அப்பப் போட்டது யாரு?"

அப்போது அண்ணி முன்னால் வந்தாள். என் அண்ணனின் பெண்டாட்டி, பொக்லைன்காரனுடைய சொந்தத் தங்கை, இந்தச் சட்டி இனிக்காவிட்டால் வாழ்க்கையே தலைகீழாகப் போகிறவள்.

"இவருதான் போட்டாரு" என்று அண்ணனைக் காட்டினாள். "எங்கூட்டு டப்பாவுல இருந்த வெல்லம். நான் பாத்தேன்."

அண்ணன் என்னை விட்டுவிட்டு அவளை அறைந்தான். அதுவரை அவன் அவளை அடித்து நான் பார்த்ததில்லை. அறைந்த வேகத்தில் அவள் அம்மிமேல் போய் விழுந்தாள். உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது. அடித்த கையை அண்ணன் வேறு யாருடைய கையோ போலப் பார்த்தான்.

அத்தை எழுந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "என் புள்ள மேல கை வெக்கறயா? எம் பொண்ணு மேலயா?" என்று ஓடிப்போய் அண்ணன் மார்பில் இரண்டு கையாலும் குத்தினார். "இதுக்கா உனக்குக் கட்டிக் கொடுத்தேன்? என் கண்ணு முன்னாலயே அடிப்பியா?"

நான் இன்னும் தரையில்தான் கிடந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஏனுங்க அத்தை. உங்க பையன் கட்டையில அடிச்சு எந்தங்கச்சி கைய ஒடச்சானே, அன்னைக்கு உங்க கண்ணு எங்கீங்க இருந்துச்சு?"

அவர் கை அப்படியே நின்றது. சுவரோரம் சரிந்து கிடந்த என் தங்கையைப் பார்த்தார். நெற்றி வெடித்துக் கண்ணில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. வெல்லம் மட்டும் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. பிறகு அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த தன் பெண்ணைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவன் பிடரி வெந்து, "கிளம்புடி, கிளம்புடி" என்று இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

அத்தை போய்ச் சொம்பை எடுத்தார். திரும்பி வந்து தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் ஒரு வாய்கூட உண்டிருக்கவில்லை, கை சுத்தமாகத்தான் இருந்தது. அந்தச் சுத்தமான கையை இலைமேல் நீட்டி, தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வந்தவர்களில் ஒருவர் கை கழுவிவிட்டால் சட்டி முடிந்தது. அதற்குமேல் மகனாக இருந்தாலும் பேச முடியாது.

"எந்திரி" என்றார் மகனிடம்.

"அம்மா, இனிச்சுதும்மா."

"அவ போடல. எந்திரி."

அவன் அம்மாவையும் அடிப்பான் என்றுதான் நினைத்தேன். கையை ஓங்கவும் செய்தான். அத்தை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஓங்கிய கையோடு அவன் சட்டியை உதைத்துக் கவிழ்த்துவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அவ்வளவு கறியும் மொச்சையும் பன்றி ரத்தம் காய்ந்த அதே மண்ணில் ஓடின. அத்தை ஆட்டோவில் ஏறினார். அண்ணியையும் கூடவே ஏற்றிக்கொண்டார். அண்ணன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினான். அண்ணி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

தங்கையின் நெற்றியில் ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டு நான் கேட்டேன்.

"ஏன்டி, அத அடுப்புல எறிஞ்சிருக்கலாமில்ல? எதுக்குத் தூளிக்குள்ள ஒளிச்சு வெச்ச?"

எறிந்திருந்தால் அன்று எங்களிடம் ஒரு சாட்சியும் இருந்திருக்காது. அண்ணனும் அதை நம்பித்தான் செய்தான். எல்லாப் பெண்களும் எறிவார்கள். நான் எறிந்தேன்.

"நல்ல வெல்லங்க்கா" என்றாள் அவள். "அப்பறமாத் தின்னலாம்னு வெச்சேன்."

அந்த வாசலில், அந்த ரத்தத்துக்கும் குழம்புக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் அந்த உருண்டையைக் கடித்துத் தின்றாள். எனக்கும் ஒரு கடி கொடுத்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

தங்கையின் புருஷன் பிறகு ஒரு தரம் சந்தைக்கு வந்து என் கடை முன்னால் நின்று கத்தினான். நான் அன்னாசி சீவுகிற அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பேசு" என்றேன். பேசவில்லை, போய்விட்டான். அண்ணன் கறியும் மொச்சையும் வெல்லமும் எடுத்துக்கொண்டு ஆலத்தூர் நாட்டுக்கு அண்ணியை அழைக்கப் போனான். முதல் தடவை அவள் வெல்லம் போடவில்லை. ஊசிமிளகாயில் உதடு வீங்கித் திரும்பி வந்தவனைப் பார்த்து நானும் தங்கையும் வாய்விட்டுச் சிரித்தோம். தை பிறந்த பிறகு மறுபடி போனான். அன்று அவள் போட்டாள். அதன் பிறகு அவன் அவள்மேல் கை ஓங்கி நான் பார்க்கவில்லை. ஓங்கியிருந்தால் அந்தக் கை இருந்திருக்காது.

இப்போதும் எங்கள் வீட்டில் அந்தக் கறி வைக்கிறோம். அம்மியில் அரைப்பது நான், கறி வெட்டுவது அண்ணன், அடுப்பு பார்ப்பது அண்ணி. ஆனால் சட்டியில் யாரும் வெல்லம் போடுவதில்லை. ஒரு தட்டில் தட்டி வைத்துவிடுவோம். இலையில் கறி விழுந்த பிறகு, வேண்டுகிறவர் வேண்டுமட்டும் தன் கையால் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொருவர் இலைக்கு அள்ளி வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

தட்டுக்கு முதலில் நீளும் கை என் தங்கையுடையதுதான். எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்த அந்த இடது கை. ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொள்வாள். சின்னதிலிருந்தே அவளுக்கு இனிப்பென்றால் அவ்வளவு பிடிக்கும்.